பினாங்கின் பழைய வீடுகளைக் காத்தது எது?

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள மாநிலத் தலைநகரான ஜார்ஜ் டவுனில், ஆர்மேனியன் தெருவில் ஒரு சுவருக்கு முன்னால் பகல் முழுவதும் சிறு வரிசை நிற்கிறது. சுவரோடு ஒரு நிஜ மிதிவண்டி பொருத்தப்பட்டிருக்கிறது. அதை ஓட்டும் சிறுமியும் அவளைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்திருக்கும் சிறுவனும் வண்ணத்தில் தீட்டப்பட்டவர்கள். லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் 2012-ல் ஜார்ஜ் டவுன் விழாவுக்காக வரைந்தது இது. அதன் பிறகு ஊரெங்கும் சுவரோவியங்கள் பெருகின. அவற்றைத் தேடி வருபவர்களும் பெருகினார்கள். படமெடுத்துக்கொண்டு அடுத்த ஓவியத்துக்கு நகர்கிறவர்களில் எத்தனை பேர் அந்தச் சுவரைப் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை. பார்க்க வேண்டியது அந்தச் சுவரைத்தான்.

சுண்ணாம்புச் சாந்து பூசிய, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர். முன்புறம் குறுகி, உள்ளே நீண்டுகொண்டே போகும் கடைவீடு. கீழே வியாபாரம், மேலே குடித்தனம். நடுவில் வெளிச்சமும் மழையும் இறங்கும் முற்றம். வாசலில் வெயிலும் மழையும் படாமல் நடந்து போக ஐந்தடி அகல நடைபாதை. சிங்கப்பூரில் 1960-களிலும் 70-களிலும் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் இப்படிப்பட்ட வீடுகள் தெருத் தெருவாக இடிக்கப்பட்டன. கோலாலம்பூரிலும் அவற்றின் இடத்தில் கோபுரங்கள் எழுந்தன. ஜார்ஜ் டவுனில் மட்டும் 109 ஹெக்டேர் மையப் பகுதியில் ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பழைய கட்டடங்கள் ஒன்றையொன்று ஒட்டியபடி மிஞ்சி நின்றன. 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து இந்த ஊரையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது.

எப்படி மிஞ்சின? இந்தக் கேள்விக்கான பதில் கட்டடக்கலையில் கிடைக்காது. நிலம் யார் கையில் இருந்தது, வாடகையை யார் தீர்மானித்தார்கள் என்பதில் இருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தத் தீவை 1786-ல் கைப்பற்றியவர் பிரான்சிஸ் லைட் என்ற வணிகக் கப்பல் தலைவர். தீவு கெடா சுல்தானுக்குச் சொந்தமானது. எதிரிகள் தாக்கினால் கம்பெனி படை உதவும் என்ற நம்பிக்கையில் சுல்தான் இடம் கொடுத்தார். அந்த உறுதியைத் தர லைட்டுக்கு அதிகாரம் இருக்கவில்லை. ஏமாற்றப்பட்ட சுல்தான் 1791-ல் தீவை மீட்க முயன்று தோற்றார். ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்ற தொகையோடு அவர் அடங்க வேண்டியதாயிற்று. ஊருக்கு மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் வைக்கப்பட்டது. (சென்னையின் ஜார்ஜ் டவுன் ஐந்தாம் ஜார்ஜின் பெயரைத் தாங்கியது, அந்தப் பெயர் நூறாண்டுக்கும் மேல் இளையது.)

துறைமுகத்தில் சுங்கவரி கிடையாது என்று லைட் அறிவித்தார். காட்டை வெட்டித் திருத்துபவருக்கு அந்த நிலம் சொந்தம் என்றார். சில ஆண்டுகளிலேயே மலாய்க்காரர்களும், ஆச்சே நாட்டினரும், சீனர்களும், ஆர்மேனியர்களும், பர்மியர்களும், சோழமண்டலக் கரைத் தமிழர்களும் வந்து குடியேறினார்கள். தமிழ் முஸ்லிம்களை அன்று சூலியர் என்று அழைத்தார்கள். அவர்களில் பலர் லைட் வருவதற்கு முன்பே கெடாவில் வாழ்ந்தவர்கள், சிலர் அங்கேயே பிறந்தவர்கள் என்று 1794-ல் லைட்டே தன் அறிக்கையில் எழுதியிருக்கிறார். ஆயிரம் பேர் அளவில் ஊரில் குடியிருப்பதாகவும், சோழமண்டலக் கரையிலிருந்து வரும் கப்பல்கள் ஆண்டுதோறும் ஆயிரத்து முந்நூறு முதல் இரண்டாயிரம் பேரைக் கொண்டுவந்து இறக்குவதாகவும் அதே அறிக்கை சொல்கிறது. பினாங்கின் தமிழர் கதையை ரப்பர்த் தோட்டத்திலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. ரப்பருக்கு நூறாண்டுகளுக்கு முன்பே இங்கே தமிழர்கள் கடை வைத்திருந்தார்கள், கப்பல் விட்டார்கள், பள்ளிவாசல் கட்டினார்கள்.

அந்தப் பள்ளிவாசல்தான் கப்பித்தான் கெலிங் மசூதி. சூலியர்களின் தலைவராகக் கம்பெனி ஏற்றுக்கொண்ட காதர் முகைதீன் 1801-ல் அதை நிறுவினார். இன்று காணும் குவிமாடங்களும் முகலாய பாணியும் 1910-ஐ ஒட்டி நியூப்ரோனர் என்ற கட்டடக் கலைஞர் செய்த மாற்றத்தில் வந்தவை. மசூதியைவிட முக்கியமானது அதைச் சூழ்ந்த நிலம். கம்பெனி அளித்த அந்த நிலம் வக்ஃபு, அதாவது விற்கவோ பங்கு போடவோ முடியாத அறச்சொத்து. அதில் வீடுகள் எழுந்தன, கடைகள் வந்தன. வாடகை மசூதிக்குப் போனது. சற்றுத் தள்ளி சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் முனையில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா இருக்கிறது. சாகுல் அமீது அடக்கமாகியிருப்பது நாகூரில். கடல் கடந்தவர்கள் தங்கள் நேர்த்திக்கடனைச் செலுத்த இங்கே ஒரு நினைவிடம் எழுப்பிக்கொண்டார்கள்.

அதே காலத்தில் குயீன் தெருவில் மகா மாரியம்மனுக்கு ஒரு சிறு கோவில் இருந்தது. 1833-ல் அது பெரிதாக எழுந்தது. பிட் தெருவில் சீனர்களின் கருணைத் தாய் கோவிலும், 1818-ல் கட்டிய புனித ஜார்ஜ் தேவாலயமும் நடந்து எட்டும் தொலைவில் இருக்கின்றன. ‘நல்லிணக்கத் தெரு’ என்று சுற்றுலாத் துறை இதை விளம்பரப்படுத்துகிறது. விளம்பரம் பொய்யில்லை, ஆனால் இந்த ஊர் கலவரமும் கண்டிருக்கிறது. 1867 ஆகஸ்டில் பத்து நாட்கள் தெருக்களில் ரத்தம் ஓடியது. அந்தச் சண்டை சீனருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நடந்ததன்று என்பதுதான் கவனிக்க வேண்டியது. இரண்டு சீன ரகசியச் சங்கங்கள் மோதின. ஒவ்வொன்றோடும் ஒரு முஸ்லிம் சங்கம் கூட்டுச் சேர்ந்திருந்தது. இனத்தைவிடத் தொழிலும் துறைமுகக் கூலியும் ஆட்களைச் சேர்த்தன, பிரித்தன.

சீனர்களின் குலச் சங்கங்களான கொங்சிகளும் வக்ஃபைப் போலவே நிலத்தைக் கூட்டாக வைத்திருந்தன. கூ குலத்தின் கொங்சியைப் பார்த்தால் இது விளங்கும். கேனன் தெருவிலிருந்து ஒரு குறுகிய சந்து வழியாக உள்ளே நுழைந்தால் திடீரென்று கருங்கல் பாவிய பெரிய முற்றம் திறக்கிறது. ஒரு பக்கம் 1906-ல் முடித்த முன்னோர் மண்டபம். கூரை முழுதும் பீங்கான் துண்டுகளால் ஆன டிராகன்களும் பூக்களும். சுற்றிலும் குலத்தவர் குடியிருந்த வீடுகள் அரண்போல் நிற்கின்றன. கலவரக் காலத்தில் சந்தின் வாயை அடைத்துவிட்டால் உள்ளே யாரும் நுழைய முடியாது. இதற்கு முந்தைய மண்டபம் தீப்பற்றி எரிந்தபோது, அரண்மனைக்கு நிகராகக் கட்டியதால் தெய்வம் கோபித்தது என்று பேசிக்கொண்டார்களாம். மறுபடி கட்டியபோது அளவைக் குறைத்தார்கள். குறைத்த பிறகே இந்த ஆடம்பரம்!

நகரத்தார் வந்தது சூலியர்களுக்குப் பிறகு. பினாங்கு தெருவில் கிட்டங்கிகள் வைத்து வட்டித் தொழில் செய்தார்கள். 1850-களில் வாட்டர்ஃபால் சாலையில் தண்டாயுதபாணிக்குக் கோவில் கட்டினார்கள். 1894-ல் காரைக்குடியில் செய்த வெள்ளி ரதத்தைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். தைப்பூசத்துக்கு முந்தைய நாள் பினாங்கு தெருவின் கோவில் வீட்டிலிருந்து அந்த ரதம் இன்றும் புறப்படுகிறது. ஊரைக் கடந்து தண்ணீர்மலை அடிவாரத்திலுள்ள அந்தக் கோவிலைச் சேர நாள் முழுதும் ஆகிறது. வழியெங்கும் தேங்காய்கள் மலைமலையாகக் குவிந்திருக்கும். உடைப்பவர்களில் சீனர்கள் கணிசம். ரதத்துக்கு முன் சாலை வெள்ளையாகித் தேங்காய்த் தண்ணீர் வாய்க்காலாக ஓடும்.

ஆக, வீடுகள் மிஞ்சியதற்கு முதற்காரணம் இதுதான்: ஊரின் நடுவே உள்ள நிலத்தில் பெரும் பங்கு மசூதி, கோவில், கொங்சி ஆகியவற்றின் பொதுச் சொத்து. தனி முதலாளி ஒருவர் நினைத்த மாத்திரத்தில் விற்றுவிட முடியாது.

இரண்டாவது காரணத்தைச் சொல்லுமுன் 1941 டிசம்பரைத் தொட்டாக வேண்டும். 11-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ஊரின் மேல் குண்டு வீசின. எதிர்த்துச் சுட ஒரு விமானமும் இல்லை. வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்த கூட்டம் பெருந்திரளாக மாண்டது. சில நாட்களில் பிரிட்டிஷ் அதிகாரிகள் ஐரோப்பியரை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றி அழைத்துச் சென்றார்கள். ஆசியர்களிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடி பறந்துகொண்டே இருந்தது. அதனால் விமானங்களும் வந்துகொண்டே இருந்தன. அந்தக் கொடியை இறக்கியவர் மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கைத் தமிழர், ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ நாளேட்டின் ஆசிரியர். பல இனத்தாரையும் சேர்த்து ஒரு சேவைக் குழு அமைத்து, கொள்ளையை அடக்கி, உணவைப் பங்கிட்டார். ஆங்கிலேயர் போய்விட்டார்கள், இனிக் குண்டு வீச வேண்டாம் என்று வானொலியில் அறிவிப்பு போனது. குண்டுவீச்சு நின்றது. இன்று கோட்டைக்குச் செல்பவர்கள் 1603-ஆம் ஆண்டு டச்சுப் பீரங்கியின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கொடிக்கம்பத்தின் கதை தமிழர்களிடையேகூட அதிகம் பேசப்படுவதில்லை; பேசப்பட வேண்டும்.

இரண்டாவது காரணம் போருக்குப் பின் வந்தது. ஊரில் வீட்டுப் பஞ்சம். வாடகையைக் கட்டுப்படுத்தச் சட்டங்கள் வந்தன. 1966-ல் அவை ஒரே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமாயின. 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாடகையை உயர்த்த முடியாது, குடியிருப்பவரை எளிதில் வெளியேற்றவும் முடியாது. விளைவு இரு முனையிலும் தெரிந்தது. கிடைக்கும் அற்ப வாடகையில் வீட்டுக்காரர் கூரை ஓட்டைக்கூட மாற்றவில்லை. சுவர்களில் ஆலஞ்செடி முளைத்தது. ஆனால் காலி செய்ய வைத்து இடிக்கவும் வழியில்லை. தச்சர், பூக்கட்டுபவர், ஊதுவத்தி உருட்டுபவர், பெயர்ப்பலகை செதுக்குபவர், பாக்குக் கடைக்காரர் என்று குறைந்த வருமானக்காரர்கள் ஊரின் மையத்திலேயே இரண்டு மூன்று தலைமுறை தங்கினார்கள். ஏழைகளுக்கான ஒரு சட்டம் தன்னையறியாமல் ஒரு நகரத்தைப் பதப்படுத்தி வைத்தது.

பொருளாதாரமும் அதே திசையில் தள்ளியது. 1960-களின் இறுதியில் ஜார்ஜ் டவுன் வரியில்லாத் துறைமுகம் என்ற தகுதியை இழந்தது, வேலையின்மை பெருகியது. 1972-லிருந்து தீவின் தெற்கே பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. பணமும் கட்டுமானமும் அங்கே போக, பழைய ஊர் ஓரங்கட்டப்பட்டது. ஓரங்கட்டாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குச் சாட்சி கொம்தார். கட்டியபோது 65 மாடிக் கோபுரம். அதற்காகப் பழைய தெருக்கள் சில அடியோடு அழிக்கப்பட்டன. ஊரின் எந்த மூலையிலிருந்தும் அது தெரியும்.

1997-ல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்க முடிவானது. சலுகைக் காலம் முடிந்து 2000 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு இல்லை. வாடகைகள் பல மடங்கு எகிறின. மலேசியாவில் வாடகைக் கட்டுப்பாட்டுக்குட்பட்ட கட்டடங்கள் வேறெந்த ஊரையும்விட அதிகமாக இருந்தது இங்கேதான், பன்னிரண்டாயிரம் அளவில். கடைவீடுகளின் மேல்மாடிகள் காலியாயின. காலியானவற்றில் சிலவற்றில் மனிதருக்குப் பதில் உழவாரக் குருவிகள் குடியேற்றப்பட்டன. அவற்றின் கூடுகள் சீன விருந்துகளுக்கு விலைபோகும். ஈரமும் எச்சமும் சுண்ணாம்புச் சுவர்களைத் தின்றன. பின்னர் அரசு தலையிட்டுப் பாரம்பரியப் பகுதியிலிருந்து குருவிப் பண்ணைகளை அப்புறப்படுத்தியது.

யுனெஸ்கோ ஏற்பு வந்தபோது, ஆட்கள் போய் எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பட்டியலில் ஏறிய சூட்டோடு, 18 மீட்டர் உயர வரம்பை மீறும் விடுதித் திட்டங்கள் வெளியே வந்தன. யுனெஸ்கோ குழு நேரில் வந்து பார்த்த பிறகு சிலவற்றின் உயரம் குறைக்கப்பட்டது. இடிக்கும் ஆபத்து நீங்கியது. வாங்கும் ஆபத்து தொடங்கியது. சிங்கப்பூரிலிருந்தும் அப்பாலிருந்தும் பணம் வந்து வரிசை வரிசையாக வீடுகளை வாங்கியது. அவை சிறு விடுதிகளாயின, காப்பிக் கடைகளாயின. 2009-ல் எடுத்த கணக்கில் மையப் பகுதியின் மக்கள்தொகை பத்தாயிரத்தைச் சற்றே தாண்டியிருந்தது; 2013-ல் பத்தாயிரத்துக்கும் கீழே இறங்கியது. ஒரு காலத்தில் இங்கே அதைப்போல் பல மடங்கு பேர் வாழ்ந்தார்கள்.

புதுப்பிப்பு என்றாலே கேடு என்று சொல்வதற்கில்லை. சியோங் ஃபட் சே மாளிகை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு சீனப் பெருவணிகர் கட்டியது. பல குடும்பங்கள் ஒண்டிக் குடியிருந்த இடிபாடாக இருந்ததை, உள்ளூர்க்காரர்கள் சிலர் சேர்ந்து வாங்கி, 1990-களில் பழைய முறைப்படி சுண்ணாம்பும் அவுரி நீலமும் பூசி மீட்டார்கள். யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது 2000-ல் அதற்குக் கிடைத்தது. சிமெண்டைத் தொடாமல் செய்த வேலை அது. இந்த ஈரமான ஊரில் சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல்லை உப்பாக உதிர்க்கும். அவசரத்தில் புதுப்பித்த விடுதிகள் பலவற்றில் இந்தப் பிழையை இன்று கண்ணால் காணலாம்.

கடலுக்குள் தூண்கள் நட்டுக் கட்டிய குலத் துறைகளின் நிலை இன்னும் நெருக்கடியானது. வெல்டு கரையில் சியூ, லிம், டான், லீ, இயோ என்று ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு மரப்பாலம், இருபுறமும் வீடுகள். நிலத்தில் இல்லாததால் நிலப்பட்டாவும் இல்லை; ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தற்காலிக அனுமதிதான். பட்டியலில் ஏறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2006-ல், இரண்டு துறைகள் இடிக்கப்பட்டன. மிஞ்சியவற்றில் சியூ துறைக்குக் கூட்டம் அதிகம். திறந்த வாசல் வழியே சாமி அறையையும் சாப்பாட்டு மேசையையும் அந்நியர்கள் எட்டிப் பார்த்துப் படமெடுப்பதைப் பொறுக்காமல், ‘படம் எடுக்காதீர்’ என்று வீட்டுக்காரர்கள் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதை மதிக்காமல் நடப்பவர்களை எந்த ஓவியத்தின் அழகும் மன்னிக்க வைக்காது.

குடியிருப்பவர்களை வெளியேற்றாமல் வீடுகளைப் புதுப்பிக்கும் மாற்று வழி ஒன்று ஊருக்குள்ளேயே முயன்று பார்க்கப்பட்டிருக்கிறது. ஆர்மேனியன் தெருவில் ஹொக் தெய்க் செங் சின் கோவிலுக்குச் சொந்தமான வீடுகள் உள்ளன. 2009-ல் அரசு உதவியோடு தொடங்கிய ‘திங்க் சிட்டி’ அமைப்பும், கோவில் அறங்காவலர்களும், குடியிருப்பவர்களும் செலவைப் பகிர்ந்து அவற்றில் சிலவற்றைப் புதுப்பித்தார்கள். குடியிருந்தவர்கள் அதே வீட்டில் தாங்கக்கூடிய வாடகையில் தொடர்ந்தார்கள். இது சிறிய முயற்சி. ஆனால் வக்ஃபு நிலமும் கொங்சி நிலமும் கோவில் நிலமும் இவ்வளவு இருக்கும் ஊரில் இது பரவ இடமிருக்கிறது. மனம் வர வேண்டியது அறங்காவலர்களுக்கு. வக்ஃபின் நோக்கம் வருமானம் மட்டுமாக இருந்ததில்லை.

தமிழ்நாட்டிலிருந்து பினாங்கு போகிறவர்கள் பெரும்பாலும் தைப்பூசத்தையோ, மலையேறும் ரயிலையோ மனதில் வைத்துப் போகிறார்கள். ஒரு காலை நேரத்தை மார்க்கெட் தெருவுக்கும் குயீன் தெருவுக்கும் ஒதுக்குங்கள். பூக்கடையில் மல்லிகைச் சரம் அளப்பதும், நாணயம் மாற்றும் முஸ்லிம் பெரியவர் கடை திறப்பதும், மாரியம்மன் கோவில் மணியும் எட்டு மணிக்குள் முடிந்துவிடும். பசிக்கு நாசி கண்டார் கடைக்குப் போங்கள். காவடிபோல் தோளில் கழி போட்டு, ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்புமாகத் துறைமுகக் கூலிகளுக்குத் தமிழ் முஸ்லிம்கள் சுமந்து விற்ற உணவு அது. தங்குவதற்கு விடுதி தேடும்போது, அந்த வீட்டில் இதற்கு முன் யார் இருந்தார்கள், இப்போது உரிமையாளர் எங்கே வாழ்கிறார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உள்ளூர்க் குடும்பம் நடத்தும் இடம் கிடைத்தால் அங்கே தங்குங்கள். பூவும் பாத்திரமும் பலகாரமும் அதே தெருவில் வாழ்கிறவர்களிடம் வாங்குங்கள். வாடகை ஏறிக்கொண்டே போகும் ஊரில், அவர்கள் கடையை நாளைக்கும் திறப்பதற்கு அந்தக் காசும் ஒரு காரணமாக இருக்கும்.